எந்த இடாப்பிலும் பெயரில்லாத மாதங்கள்

சாதாரண தரக் கணிதத்தில் ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போய், முதலாம் தவணை முடிவதற்குள் கலைப் பிரிவுக்கு மாறி உட்காருவது மாத்தளை மாவட்டத்தில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. மெத்ஸ் அவனுக்கு ஓடவில்லை என்பார்கள் வீட்டில். அத்திவாரம் போதாது என்பார்கள் பாடசாலையில். எப்படிச் சொன்னாலும் குற்றம் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. நுண்கணிதம் தொடங்குவதற்கு முன்னாலேயே பிள்ளை தடுக்கி விழுகிறது என்பதையும், அந்த இடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்பதையும் பேசுவோர் குறைவு. சாதாரண தரப் பரீட்சைக்கும் தரம் 12க்கும் இடைப்பட்ட வாரங்களில், நுண்கணிதத்துக்கு முந்திய கணிதத்தைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் இலவசப் பாடநெறி ஒன்று மாத்தளையில் தொடங்கப்பட வேண்டும். கல்வி அமைச்சும் மத்திய மாகாணக் கல்வித் திணைக்களமும் அதைச் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று நாம் கோருகிறோம்.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைப் பாடத்துக்குள் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். தரம் 11 பிள்ளைக்கு சைன், கோசைன் எல்லாம் செங்கோண முக்கோணியின் பக்கங்களுக்கு இடையிலான விகிதங்கள். தரம் 12இல் அதே பிள்ளையிடம் 210 பாகையின் சைன் என்ன என்று கேட்கிறார்கள். செங்கோண முக்கோணிக்குள் அப்படி ஒரு கோணம் எப்படி வரும், இரண்டு நீளங்களின் விகிதம் எப்படி மறைப் பெறுமானம் எடுக்கும் என்று அது திகைக்கிறது. முன்பு படித்ததை உண்மையாகவே விளங்கிக்கொண்ட பிள்ளைதான் இப்படித் திகைக்கும். விகிதமாக இருந்த சைன், வட்டத்தில் சுற்றும் ஒரு புள்ளியின் ஆள்கூறாகி, பிறகு ஒரு சார்பாகி, வரைபில் அலையாக எழும் கதையை யாராவது ஆறுதலாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் அது ஓரிரு பாடவேளைகளில் கடந்துபோகிறது. அதற்குள் பாகை போய் ஆரையன் வந்துவிடுகிறது.

சமனிலியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸுடன் ஒன்றைக் கூட்டி, அதை எக்ஸிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதால் வகுத்தால், விடை இரண்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எக்ஸ் எந்த எண்களாக இருக்கலாம்? சமன்பாட்டில் பழகிய கை உடனே இரண்டு பக்கத்தையும் பகுதியால் பெருக்கி, எக்ஸ் மூன்றைவிடச் சிறிது என்று எழுதி முடித்துவிடும். எக்ஸுக்குப் பூச்சியத்தைப் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் மறை ஒன்று. விடை பிழை. பெருக்கிய எண் மறையாக இருந்தால் சமனிலியின் திசை திரும்பும் என்பதைக் கவனித்திருந்தால், ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட எண்கள் மட்டுமே என்ற சரியான விடை வந்திருக்கும். இந்தக் கணக்கில் வகையிடலும் இல்லை, தொகையிடலும் இல்லை. ஆனாலும் இங்கே தடுமாறும் கை பின்னால் வரும் எல்லாவற்றிலும் தடுமாறும். எக்ஸின் வர்க்கத்திலிருந்து ஒன்பதைக் கழித்து, அதை எக்ஸிலிருந்து மூன்றைக் கழித்ததால் வகுத்து, எக்ஸ் மூன்றை நெருங்கும்போது எல்லை என்ன என்று கேட்டால் ஆறு என்று சொல்லக் காரணிப்படுத்தத் தெரிந்தால் போதும். நுண்கணிதத்தில் தோற்றதாக நாம் கணக்கெழுதும் பல விடைத்தாள்களில் உண்மையில் தோற்றது அட்சரகணிதம்.

பரீட்சையின் அமைப்பும் இரக்கம் காட்டுவதில்லை. 2000ஆம் ஆண்டில் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தபோது, தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதம் என்ற ஒரே பாடமாயின. இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். முதல் பகுதியில் பத்து வினாக்களுக்கும் கட்டாயம் விடை எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஒரு சுருக்கலில் பத்து நிமிடம் சிக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த மூன்று மணித்தியாலம் போதாது. அந்த வேகம் தரம் 13இல் வருவதில்லை. தரம் 12இன் முதல் நாளுக்கு முன்பே கையில் ஏறியிருக்க வேண்டும்.

யார் கற்பிப்பது என்ற கேள்வியில்தான் நிருவாகத்தின் ஓட்டை தெரிகிறது. நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை தரம் 11 வரையோ, அதற்கும் கீழோ நின்றுவிடுகின்றன. அடுத்த நிலையான 1சி பாடசாலைகளில் உயர்தரம் உண்டு. ஆனால் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளுக்கே உரியவை. ஆகவே கந்தேநுவர, கம்மடுவ, எல்கடுவப் பக்கத்துப் பிள்ளை கணிதம் படிக்க நினைத்தால் பெரும்பாலும் மாத்தளை நகரத்துக்கே இறங்க வேண்டும். அங்குள்ள பாக்கியம் தேசிய கல்லூரியும் இந்து தேசியக் கல்லூரியும் மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருபவை. பிள்ளை விட்டுவந்த தோட்டப் பாடசாலை மாகாணத்தின் கீழ் வருவது. பரீட்சை முடிந்ததும் மாகாணத்தின் கடமை முடிந்துவிடுகிறது. பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை அமைச்சின் கடமை தொடங்குவதில்லை. நடுவிலுள்ள மாதங்களில் பிள்ளையின் பெயர் எந்த இடாப்பிலும் இல்லை.

அந்த மாதங்களில் நகரத்துப் பிள்ளை சும்மா இருப்பதில்லை. பரீட்சை முடிந்த கிழமையே டியூஷன் வகுப்பில் சேர்ந்து, தரம் 12 தொடங்கும்போது இருபடிச் சார்பையும் பகுதிப் பின்னங்களையும் முடித்துவிட்டு வந்து உட்காருகிறது. ஆசிரியரும், வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியும் என்று கண்டதும் வேகத்தைக் கூட்டுகிறார். மலையிலிருந்து வந்த பிள்ளை இரண்டாவது வாரத்திலேயே பின்வரிசைக்குப் போகிறது. 2024 செப்டெம்பரில்தான் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்தது. மூன்று பாடங்களுக்கும் டியூஷன் கட்டணமும் பஸ் காசும் கொடு என்று அந்த வீட்டைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. இலவசக் கல்வி என்று பெருமை பேசும் நாட்டில், உயர்தரக் கணிதத்தின் நுழைவாயில் மட்டும் தனியாரிடம் விடப்பட்டிருக்கிறது.

2024இல் அமைச்சு ஒரு நல்ல காரியம் செய்தது. மே மாதம் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, பெறுபேற்றுக்குக் காத்திராமல், ஜூனில் உயர்தர வகுப்புகளைத் தொடங்கச் சொன்னது. வீணாகும் மாதங்கள் வீணாகக் கூடாது என்ற எண்ணம் சரியானது, அதை வரவேற்கிறோம். ஆனால் அதன் பயன் முதலில் சேர்வது தன் பாடசாலையிலேயே கணிதப் பிரிவு உள்ள பிள்ளைக்குத்தான். மேலும், நேராக உயர்தரப் பாடத்திட்டத்தைத் தொடங்குவதால் முந்திய இடைவெளி நிரம்பிவிடாது. அது சில வாரங்கள் முன்னதாக வெளிப்படும், அவ்வளவே.

பல்கலைக்கழக அனுமதி முறையைப் பார்த்தால் மாத்தளைக்கு இது ஏன் அவசரம் என்பது விளங்கும். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறில் உண்டு. மாத்தளை இல்லை. மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளை மாத்தளை, தம்புள்ளை நகரங்களின் சிறந்த பாடசாலைகளோடு ஒரே பங்குக்காகப் போட்டியிட வேண்டும். லயத்திலிருந்து வருவதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. பேராதனையிலோ மொறட்டுவையிலோ பொறியியல் பீடத்துக்குப் போக இணைந்த கணிதத்தைத் தவிர வேறு வழியும் இல்லை. பட்டியலை மாற்றக் கோருவது நீண்ட அரசியல் வேலை. நாம் கோரும் பத்து வாரப் பாடநெறிக்கு அத்தனை காலம் தேவையில்லை.

எதிர்வாதங்களையும் எடுத்துப் பார்ப்போம். ஆயத்தப் பாடநெறி என்பதே பின்தங்கிய பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் கிடங்காகிவிடும் என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் முன்-நுண்கணிதம் நெடுங்காலமாகவே தனிப் பாடம். 2023இல் உயர்நிலைப் பாடசாலைகளுக்கும் அதை ஒரு தேசியப் பரீட்சைப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். அதே நாட்டில் கலிபோர்னியா மாநிலம் 2017இல் சட்டமியற்றி, சமுதாயக் கல்லூரி மாணவரை ஒன்றின் மேல் ஒன்றாக ஆயத்த வகுப்புகளுக்குள் தள்ளுவதைக் கட்டுப்படுத்தியது. அந்த வரிசையில் நுழைந்த பலர் பட்டப் பாடத்தை எட்டிப் பார்க்காமலே வெளியேறியதே காரணம். ஆகவே நாம் கேட்பது ஒரு மேலதிக ஆண்டோ, தகுதிகாண் பரீட்சையோ அன்று. குறுகிய பாடநெறி, எவரையும் வடிகட்டாதது, முடிந்ததும் அனைவரும் தரம் 12க்குப் போவது.

எப்படி நடத்துவது என்பதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. 1970களின் பிற்பகுதியில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் அதிகமாகத் தோற்பது ஏன் என்று அவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். ஆர்வமின்மை, வீட்டுச் சூழல் என்று ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் பொருந்தவில்லை. அவர்கள் கடுமையாகப் படித்தார்கள், ஆனால் தனித்தனியே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவரோ சேர்ந்திருந்து விடைகளை ஒப்பிட்டு வாதாடினார்கள். ட்ரைஸ்மன் சுலபமான மீட்டல் வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார். பெறுபேறுகள் தெளிவாக உயர்ந்தன. நம் பாடநெறியும் அப்படித்தான் இருக்க வேண்டும். குறிப்புக் கொடுத்து எழுதவைக்கும் இன்னொரு வகுப்பு நமக்கு வேண்டாம். ஒரு தோட்டத்திலிருந்து தனியாக வந்து திகைக்கும் பிள்ளைக்கு, தன்னைப்போலவே திகைக்கும் ஐந்து பேர் பக்கத்தில் இருப்பதே பெரிய பலம்.

ஆசிரியர் இல்லை என்பது மற்றைய எதிர்வாதம். தரம் 12, 13 முழுவதற்கும் கணிதப் பட்டதாரிகளைத் தேடுவது கடினம் என்பதை ஏற்கிறோம். பத்து வாரத்துக்கு அப்படியில்லை. வலயத்தில் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பேராதனையில் தமிழ்மொழி மூலம் இதே இணைந்த கணிதத்தை எழுதிச் சித்தியடைந்து வந்த பொறியியல், விஞ்ஞான மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் முறையான கொடுப்பனவும் வேண்டும். சேவை மனப்பான்மை என்ற பெயரில் இலவச உழைப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வகுப்புகள் நகரத்தில் மட்டும் நடந்தால் திட்டம் பாதியிலேயே செத்துவிடும். மாலை பஸ் தவறினால் மலையேற வழியில்லாத ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகளை எந்தத் தாயும் அனுப்பமாட்டாள். எல்கடுவ, கந்தேநுவர, கம்மடுவப் பக்கங்களில், மற்றைய பிள்ளைகள் வீடு திரும்பிய பின் ஒரு வகுப்பறை திறந்திருந்தால் போதும்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில்தான் முடிந்தது. மேடையில் கல்வி பற்றிய வாக்குறுதிகளை நம் மக்கள் நிறையக் கேட்டாயிற்று. இம்முறை கேட்பது சிறியது, அளந்து சொல்லக்கூடியது. அடுத்த சாதாரண தரப் பரீட்சையின் கடைசி வினாத்தாள் முடியும் நாளுக்கு முன்பே, எந்தெந்தப் பாடசாலைகளில் இந்த வகுப்பு நடக்கும், யார் கற்பிப்பார், பிள்ளைகள் எங்கே பெயர் பதிய வேண்டும் என்பதை மாத்தளை வலயக் கல்விப் பணிமனை ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். செலவில் எவ்வளவை அமைச்சு ஏற்கிறது, எவ்வளவை மாகாணம் ஏற்கிறது என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.