ஜாவா நூலகங்களும் பொதியாக்குவோர் பொறுப்பும்

ஜாவா பயிலும் நம் மாணவ நண்பருட் சிலர், தாம் எழுதிய நிரலையும் அதற்கு வேண்டிய நூலகங்கள் அனைத்தையும் ஒரே பெருங்கோப்பாகக் கட்டி வழங்கிவிடுதலே எளிய வழியென்று எண்ணுகின்றனர். 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலைத் தொகுப்போர் இதனை ஒப்புவதில்லை. அவர்தம் பிடிவாதம் தக்கதே என்பது எமது கருத்து.

ஜாவா நிரலாசிரியர் பலர் மேவன் என்னுங் கருவியைக் கையாளுவர். அது வேண்டிய நூலகங்களையும், அந்நூலகங்கள் வேண்டும் பிற நூலகங்களையும், ஆக்கி முடித்த கோப்புகளாகவே இணையக் களஞ்சியத்தினின்றும் கொணர்ந்து தரும். டெபியன் விதியோ வேறு. ஒவ்வொரு நூலகமும் மூலநிரலினின்று ஆக்கப்பட்டுத் தனிப் பொதியாய் நிற்றல் வேண்டும். ஆக்குங்கால் இணையத்தை நாடலாகாது. ஆதலின் சிறு கருவியொன்றைச் சேர்க்கப் புகுந்தவர், அதற்குமுன் பல நூலகங்களைப் பொதியாக்க நேரும். நூலகம் முன்னரே இருப்பினும், பதிப்பு வேறாயின் நிரலைத் திருத்த நேரும். இஃது அலுப்பூட்டும் வேலை. செய்வோரும் பெரும்பாலும் ஊதியங் கருதாது உழைக்கும் அன்பர்களே.

எனினும் 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை எண்ணிப் பார்மின். நிகழ்ச்சிக் குறிப்பெழுதும் லாக்4ஜே என்னும் நூலகத்தில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. அயலான் அனுப்பிய ஒரு சொற்றொடரைக் குறித்துக்கொண்ட அளவிலேயே, அவன் ஏவிய நிரல் நம் கணினியில் ஓடத் தொடங்கும்! 2.15.0 பதிப்பில் செய்த திருத்தம் போதாமையால் 2.16.0, 2.17.0 ஆகிய பதிப்புகளும் அம்மாதத்திலேயே அடுத்தடுத்து வெளிவந்தன. நூலகத்தைத் தனிப் பொதியாய் வைத்திருந்தோர் அவ்வொன்றை மாற்றினர். சார்ந்த நிரல்களை மீளத் தொடங்கியதும் அவையும் சீர்பெற்றன. பெருங்கோப்பிற்குள் அடைத்தோரோ, எதனுள் எப்பதிப்பு ஒளிந்துளதென்று ஒவ்வொன்றாய்த் துழாவ வேண்டியவராயினர். தம்மிடம் அந்நூலகம் உளதென்பதையே அறியாதிருந்தாரும் உளர்.

இரு நிரல்கள் ஒரே நூலகத்தின் ஒவ்வாத இரு பதிப்புகளை வேண்டினால் என் செய்வதென வினவலாம். நியாயமான வினாவே. இரண்டையும் வெவ்வேறு பெயரால் பொதியாக்கலாம், லாக்4ஜேயின் 1.2 வரிசையும் 2 வரிசையும் டெபியனில் அவ்வாறே தனித்தனியே வைக்கப்பெற்றன. ஆயினும் பொதி இரண்டாயின் காவலும் இரட்டிக்குமாதலால், வேறு வழியில்லாவிடத்தன்றி இதனைச் செய்தலாகாது.

சில பெரு நிரல்கள் இவ்விதிக்குள் அடங்கமாட்டா. அவற்றிற்காக விதியைத் தளர்த்துவதினும், வழங்கலில் சேர்க்காது விடுதலே நேர்மை. வேண்டுவோர் ஆசிரியரிடமே நேரிற் பெறுக. காக்கும் பொறுப்பு எவருடையதென்பது அப்போது ஐயமின்றி விளங்கும்.