ஒளியைத் தாழ்த்தும் பண்பு

இருளில் நடப்பவனுக்கு விளக்கே துணை. ஆனால், அவ்விளக்கே எதிரில் வருபவனுக்குத் துன்பமாகவும் அமையக்கூடும். ஒளியைப் பெருக்கும் வழிகளை அறிவியல் நமக்குக் கற்றுத் தந்துள்ளது. அதனைப் பிறர்க்குத் தீங்கின்றிக் கையாளும் முறையை நாமே கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

குமிழ் பொருத்திய டார்ச் விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பைக் கழற்றிக் குமிழை மட்டும் எரியவிட்டால் ஒளி நாற்புறமும் சிதறும்; சற்றுத் தொலைவில் உள்ள பொருள்கூடத் தெளிவாகத் தெரியாது. குமிழைச் சூழ்ந்திருந்த கிண்ணம் போன்ற ஆடியை மீண்டும் பொருத்தினால், அதே ஒளி தெருக்கோடிவரை பாய்கிறது. மின்கலமும் மாறவில்லை, குமிழும் மாறவில்லை. ஆடி புதிதாக ஒளியை உண்டாக்கவும் இல்லை. வீணே சிதறவிருந்த ஒளியைத் திரட்டி ஒரே திசையில் செலுத்தியது, அவ்வளவே.

இவ்வாறு உட்புறம் குழிந்த ஆடியைக் குழியாடி என்பர். தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் அதன்மீது பட்டு எதிரொளித்துக் குவியும் இடமே குவியம் எனப்படும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில், சமையற்கூடம் ஒன்றின் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள பெருங்கிண்ணம் ஒன்று உள்ளது. அதில் பதித்த சிறு கண்ணாடிகள் வெயிலைத் திரட்டி, நீரை ஆவியாக்கி, உணவு சமைக்க உதவுகின்றன.

கதிர்கள் வந்த வழியே திரும்பிச் செல்லவும் வல்லவை. ஆதலின், குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் ஆடியில் பட்டு இணையாக வெளியேறும். ஆடி, பந்தின் ஒரு பகுதிபோல் வளைந்திருப்பின் விளிம்பிற் படும் கதிர்கள் சற்றே நெறி பிறழும். அக்குறையை நீக்கவே பரவளைவு வடிவத்தைத் தேர்ந்தனர் அறிஞர்.

மோட்டார் வண்டிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முகப்பு விளக்கு இதற்கு நல்ல சான்று. அதன் குமிழுக்குள் மின்னிழைகள் இரண்டு உண்டு. ஒன்று குவியத்தில் அமைந்து ஒளியை நேரே நெடுந்தொலைவு செலுத்தும். மற்றொன்று குவியத்திற்குச் சற்று முன்னே, அடியில் ஒரு சிறு தகட்டுடன் அமைந்திருக்கும். அதனால் அதன் ஒளி ஆடியின் மேற்பாதியில் மட்டும் பட்டுச் சாலையை நோக்கித் தாழும். இன்று பல வண்டிகளில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. எனினும், நெடுவீச்சு, தாழ்வீச்சு என்னும் இருவகையும் மறைந்துவிடவில்லை.

மின்னிழை நகர்ந்தது சிறு தொலைவே. ஆயினும் அதனால் காக்கப்படுவது மனித உயிர்! நெடுவீச்சு ஒளி கண்ணில் நேரே பாய்ந்தால், எதிரில் வருபவர் சில நொடிகள் பார்வை மயங்குவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டே நொடிகளில் ஏறத்தாழ 33 மீட்டர் கடந்துவிடும். அத்தொலைவுக்குள் மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி ஒருவர் இருக்கலாம்; சாலையைக் கடக்கும் முதியவர் ஒருவரும் இருக்கலாம்.

"எனக்குப் பாதை தெரிய வேண்டாமா?" என்று சிலர் கேட்பர். ஆளரவமற்ற இருட்சாலையில் நெடுவீச்சு தேவையே, அதனை மறுப்பாரில்லை. ஆனால், எதிரே வண்டி வரும்போது அதன் ஓட்டுநர் கண் மயங்கினால், அவர் வண்டி நம்மீதே மோதக்கூடும். எதிரில் வருபவர் கண்ணைக் காப்பது நம்மையும் காப்பதாகும். அவர் தம் விளக்கைத் தாழ்த்தவில்லையே என்று நாமும் தாழ்த்தாதிருப்பது அறிவுடைமை ஆகாது. ஒருவர் மட்டும் கண் மயங்குவதினும் இருவரும் கண் மயங்குவது கொடிதன்றோ?

மாணவர்களே! நீங்கள் இன்று மோட்டார் வண்டி ஓட்டுவதில்லை. ஆயினும் டார்ச் விளக்கை ஏந்துகிறீர்கள். அதன் ஒளியைப் பிறர் முகத்தில் பாய்ச்சாமல் நிலத்தை நோக்கிப் பிடித்துப் பழகுங்கள். நாளை வண்டி ஓட்டும்போது அப்பழக்கமே உங்கள் கையை வழிநடத்தும். ஆடி தனக்குக் கிடைத்த ஒளியைத் திரட்டித் தருகிறது. அதனை எங்குச் செலுத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு மனிதனுடையது.