மலையை வென்றவர் யார்?

கொழும்பிலிருந்து கண்டி, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு மோட்டார் சைக்கிளிலே நெடும்பயணம் சென்று மீளும் நம் இளைஞர் பலர், "மலையை வென்றோம்" எனப் பெருமிதம் கொள்கின்றனர். இக்கூற்று மறுக்கப்படவேண்டியதாகும்.

மலைப்பாதையின் வளைவுகள் சாகசத்திற்கென அமைந்தவையல்ல. செங்குத்தான சரிவிலே பாரவண்டியை மாடு இழுக்கமாட்டாது என்பதனாலேயே பாதை சுற்றிச் சுற்றி வளைக்கப்பட்டது. 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1818 இல் கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன் பின்னர், 1820 இல், கொழும்பு - கண்டி வீதியமைப்பைத் தேசாதிபதி பார்ன்ஸ் தொடக்கினார். படை நகர்த்தலே முதல் நோக்கம். கோப்பி மூடைகள் பின்னரே வந்தன. இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பிலே குடியானவர் பாறை பிளந்தனர். பிற்காலத்து மலைவீதிகளிலே தென்னிந்தியத் தொழிலாளரும் வியர்வை சிந்தினர். அம்மலையகத் தமிழருட் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று.

வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையிலே 1832 இல் கோபுரம் எழுந்தது. பாறை பிளந்தோருக்குக் கோபுரம் எங்கே?

பயணம் வேண்டாமென்பதன்று நம் வாதம். விடுதலையுணர்வை நாடிச் செல்வோர், விடுதலையற்றோர் சமைத்த வீதியிலேயே தாம் செல்வதை உணரவேண்டும். பயணக் கட்டுரை எழுதும் மாணவர், இயந்திரத்தின் வலுவை வியக்குமளவுக்கேனும் அக்கைகளின் வலுவையும் எழுதுவாராக.