ஏழை நோயாளிக்கு வண்டி எங்கே?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைக்கு வைத்தியம் இனாம் என்கின்றார்கள். சந்தோஷம். ஆனால் எழுந்து நடக்க முடியாதவன் அந்த ஆஸ்பத்திரிக்கு எதில் ஏறிப் போவது, எதில் திரும்பி வருவது என்பதை யாராவது யோசித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். சென்னையில் ஆற்றங்கரைகளில் குடியிருந்த ஏழை ஜனங்களை, முக்கியமாக 2015-ம் வருஷ வெள்ளத்திற்குப் பின், அங்குள்ள எட்டடுக்குக் கட்டிடங்களில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். சென்ட்ரலுக்கு அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோ மீட்டர்.

“108 இல்லையா?” என்பார்கள். 2008-ல் நமது மாகாணத்தில் ஏற்பட்ட அந்த வண்டியால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது ஆபத்துக்கு ஏற்பட்ட வண்டி. சிறுநீரகம் கெட்டு வாரத்திற்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்ளுகின்றவருக்குப் போக வர வாரத்திற்கு 6 பிரயாணம், வருஷத்திற்கு 312. வைத்தியம் இனாம், ஆட்டோ கூலிக்கோ வீட்டில் அரைப்பட்டினி! கூடப்போகும் மனைவிக்கு அன்றையக் கூலியும் நஷ்டம்.

“இதற்கெல்லாம் சர்க்காருக்குக் கட்டுமா?” என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகின்றோம். வண்டிக் கூலியில்லாமல் இரண்டு முறை டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, கடைசியில் 108-ல் தான் போகவேண்டும். எது அதிகச் செலவு?

பிரசவித்த தாயையும் சிசுவையும் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் வைத்தியத்தைச் சேர்ந்ததே என்று 2011-ல் மத்திய சர்க்காரே ஒப்புக்கொண்டு திட்டம் போட்டது. தாய்க்கு நியாயமானது மற்ற நோயாளிக்கு எப்படி அநியாயமாகும்? 1948-ல் தேசிய சுகாதார சேவை ஏற்பட்ட இங்கிலாந்தில், தானாகப் போக முடியாத நோயாளிக்கு முன்கூட்டிப் பதிவு செய்து வண்டி அனுப்புகின்றார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. டயாலிசிஸ் நாளும் நேரமும் ஆஸ்பத்திரிக் கணக்கில் முன்பே இருக்கின்றது. ஒரே பக்கத்து நோயாளிகளை ஒரே வேளைக்குச் சேர்த்து, சக்கர நாற்காலி ஏறும்படியான வண்டி ஒன்றும், லிப்ட் ஓடாத நாளில் மாடியிலிருந்து தூக்கி இறக்க இரண்டு ஆட்களும் வைத்தால் போதும். 108-ஐ இதில் கலக்கவே கூடாது.

தோழர்களே! தலைவிதி என்று மாடியிலேயே படுத்துக் கிடக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டிடத்திலும் இப்படிப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்று ஜாபிதா எடுத்து, கையெழுத்து வாங்கி, சட்டசபை மெம்பரிடமும் கலெக்டரிடமும் கொடுங்கள். இது பிச்சையல்ல, உரிமை.