லீவு நாளில் இலை போடுவது யார்?

காலண்டரில் சிவப்பு எழுத்து என்றால் ஊருக்கே கொண்டாட்டம். வீட்டில் அடுப்பு எரிகிறவருக்கு அது சரி. வீட்டை விட்டு வெளியே நிற்கிறவருக்கு? அன்றைக்குத்தான் பட்டினி!

ஆலங்குளத்தில் இந்தக் கூத்து ஆண்டுதோறும் நடக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் என்று நினைத்துவிட வேண்டாம். இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற பூமி.

தீபாவளி அன்று காலை எட்டு மணிக்கு இங்கே பஸ்சை விட்டு இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது வெடித்த பட்டாசின் காகிதம். அடுத்துப் படுவது டிபன் கடைக் கதவில் தொங்கும் பூட்டு.

"அண்ணாச்சி, இட்லி கிடைக்குமா?"

"இட்லியா? மாஸ்டர் நேத்தே ஊருக்குப் போயிட்டாரு தம்பி. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

பக்கத்துப் பெட்டிக்கடையில் கிடைக்கும் பதில் இதுதான். பெட்டிக்கடையில் பன் இருக்கும், பிஸ்கட் இருக்கும், நாலு வாழைப்பழம் தொங்கும். பத்து மணிக்குள் அதுவும் காலி!

ராஜபாளையம் போனாலும், சிவகாசி போனாலும் நிலைமை கொஞ்சம்தான் மாறும். அங்கே பத்துக் கடைக்கு ஒரு கடை திறந்திருந்தால் அதன் வாசலில் ரேஷன் கடை போலக் கூட்டம் நிற்கும். உள்ளே போய் உட்கார்ந்தவருக்குச் சாம்பார் கிடைத்தால் சட்னி இருக்காது!

யாருக்குத் திண்டாட்டம்?

"நல்ல நாளும் அதுவுமா வீட்டில் சாப்பிடாமல் ஓட்டலுக்கு ஏன் வர்றாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

ஸ்பெஷல் பஸ் ஓட்டி வந்த டிரைவர், கண்டக்டர். ஊரார் எல்லாம் பண்டிகைக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தங்கள் வீட்டுப் பண்டிகையை விட்டு வந்தவர்கள் இவர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்குத் துணையாக இருக்கும் மனைவி, மகன், தாய். நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் உணவு உண்டு. கூட இருப்பவருக்கு வெளியேதான் சாப்பாடு.

பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர். பட்டாசுப் பொறி எந்தக் கூரையில் விழுமோ என்று வண்டியோடு காத்திருக்கும் தீயணைப்பு வீரர். சரக்கு இறக்க ஆள் இல்லாமல் மாட்டிக்கொண்ட லாரி டிரைவர். குடும்பம் ஒரு ஊரிலும் வேலை ஒரு ஊரிலுமாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் குமாஸ்தா. பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்த கூலித் தொழிலாளி.

சில வேலைகளுக்கு லீவே கிடையாது. சிமெண்ட் சூளை என்பது பற்ற வைத்தால் இரவு பகலாக எரிய வேண்டியது. நாள் கிழமை பார்த்து அணைத்து வைக்க முடியாது. சூளை எரிந்தால் பக்கத்தில் ஷிப்டுக்கு ஆள் நிற்கத்தான் வேண்டும்.

செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறதே என்பார்கள் பட்டணத்துக்காரர்கள். சமைக்கிற கடையே மூடியிருந்தால் செல்போனா சமைக்கும்?

பூட்டின கடைக்காரர் கட்சி

அதற்காகக் கடையைப் பூட்டியவர் மேல் பாய்வது நியாயமா? அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

தீபாவளி காலையில் இட்லி வேண்டும் என்றால் முந்தின நாளே மாவு அரைத்திருக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரம் அது! புரோட்டா என்றாலும் மாவு பிசைந்து, எண்ணெய் விட்டு ஊறப் போட்டு, அப்புறம்தான் வீச வேண்டும். ஒரு நாள் கடை திறக்க ஒன்றரை நாள் வேலை.

காய்கறி மார்க்கெட் லீவு. முந்தின நாளே பண்டிகை விலை கொடுத்து வாங்கி வைக்க வேண்டும். வாழை இலை, பால், கறி எல்லாம் அதே கதைதான்.

வியாபாரமும் நிச்சயம் இல்லை. தினமும் வரும் வாடிக்கைக்காரர் அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்போடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஐம்பது பேர் வருவார்களா, ஐந்து பேர் வருவார்களா? வடித்த சோறு மிஞ்சினால் முதலாளி தலையில் துண்டு!

எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டர் இருக்கிறார். சரக்கு மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், இலை எடுக்கும் பையன் என்று ஓட்டலில் உழைப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். வருஷம் முழுக்க அடுத்தவன் பிள்ளைக்கு முறுகலாகத் தோசை வார்த்துக் கொடுக்கிறவர், தன் பிள்ளை மத்தாப்பு கொளுத்துவதைப் பார்க்க நினைப்பது குற்றமா?

பட்டாசுத் தொழிலாளி மாதக்கணக்கில் மருந்தோடு மல்லுக்கட்டுகிறார். தீபாவளி வந்ததும் ஆலைக் கதவு சில வாரம் மூடிவிடும். அவருக்கு அந்த ஓய்வு. ஓட்டல் தொழிலாளிக்கு மட்டும் ஏன் கூடாது?

லீவிலும் பல ரகம்

எல்லா லீவிலும் இந்தப் பஞ்சம் வருவதில்லை.

திருவிழா லீவு என்றால் சாப்பாட்டுக்குக் குறைவே கிடையாது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனாலும், பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனாலும் வழியெல்லாம் தள்ளுவண்டி. மோரும் பானகமும் ஓசியாகக் கிடைக்கும். அன்னதானப் பந்தியும் உண்டு.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் பாதிக்குப் பாதி ஓட்டல்கள் திறந்திருக்கும். தேர்தல் நாள் வேறு மாதிரி. ஓட்டுப் போடச் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரல் 19-ந் தேதி தமிழகத்தில் பார்லிமெண்ட் தேர்தல் ஓட்டுப்பதிவு. அன்று மாஸ்டரும் தன் ஊருக்குப் போய்த்தான் விரலில் மை வைத்தாக வேண்டும்!

தீபாவளியும் பொங்கலும்தான் வயிற்றில் அடிக்கிற லீவு. அன்றைக்கு ஆபத்பாந்தவனாக இருப்பது பல ஊரில் பாய் கடைதான். தீபாவளிக்குப் பாய் கடை திறந்திருக்கும். ரம்ஜானுக்கு அண்ணாச்சி கடை திறந்திருக்கும். யாரும் உத்தரவு போடாமல் தானாக நடக்கும் ஏற்பாடு இது. ஆனால் பாய் கடையில் புரோட்டா வீசுகிறவர் முனியாண்டி பக்தராக இருந்துவிட்டால் அங்கும் பூட்டுத்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

2025-ம் ஆண்டுக்குத் தமிழக அரசு அறிவித்த பொது விடுமுறை, வங்கிக் கணக்கு முடிப்பு நாளையும் சேர்த்து 24 நாள். சர்க்கார் ஆபீசுக்கு அது பொருந்தும். ஓட்டல் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைப்பது 9 நாள்தான்.

1958-ம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் சொல்வது இது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று 4 தேசிய நாள். அதோடு 5 பண்டிகை நாள். இந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள லீவு தர வேண்டும். வேலைக்கு வரச் சொல்வதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

ஆக, லீவு நாளில் கடை திறக்கத் தடை இல்லை. திறந்தால் உழைத்தவனுக்குக் கூலி இரட்டிப்பு. அவ்வளவுதான்.

நடப்பது என்ன? ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஓட்டல், கடைகளில் புகுந்து சோதனை போடுகிறார்கள். லீவும் தராமல், இரட்டைக் கூலியும் தராமல் வேலை வாங்கிய கடைகள் ஒவ்வொரு தடவையும் சிக்குகின்றன. மறுநாள் பேப்பரில் எண்ணிக்கை வருகிறது. அடுத்த ஆண்டும் அதே சோதனை, அதே செய்தி!

சில முதலாளிகள் தீபாவளி அன்று கடை திறந்து "பண்டிகை ரேட்" போடுகிறார்கள். தோசைக்கு விலை ஏறுகிறது. தோசை வார்க்கிறவர் கூலி ஏறுவதில்லை. சாப்பிட வந்தவருக்கும் நஷ்டம், சமைத்தவருக்கும் நஷ்டம். கல்லாவில் மட்டும் லாபம்.

என்னதான் வழி?

எல்லாக் கடையும் திற என்று மிரட்டினால் மாஸ்டர் வயிறு எரியும். எல்லாக் கடையும் மூடினால் வழிப்போக்கர் வயிறு எரியும். நடுவே ஒரு வழி இருக்கிறது. முறை வைத்துத் திறப்பது!

கோடை லீவில் ஐகோர்ட்டு முழுசாக மூடிவிடுவதில்லை. விடுமுறைக்கால நீதிபதி அவசர வழக்கைக் கேட்கிறார். தீபாவளி அன்று அரசு ஆஸ்பத்திரியில் எல்லா டாக்டரும் இருப்பதில்லை. டூட்டி டாக்டர் இருக்கிறார். அவசர வழக்குக்கு ஒரு நீதிபதி, அவசர நோய்க்கு ஒரு டாக்டர் என்றால் பசிக்கு ஒரு ஓட்டல் இருக்கக் கூடாதா?

பாரிஸ் நகரத்தில் ரொட்டிக் கடைக்காரர்களுக்கு இப்படி ஒரு முறை வெகுகாலம் இருந்தது. கோடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் லீவில் போனால் ஊருக்கு ரொட்டி இருக்காது. ஆகவே பாதிப் பேருக்கு ஜூலையில் லீவு, மீதிப் பேருக்கு ஆகஸ்டில் லீவு. 2015 கோடையில்தான் அந்தக் கட்டாயம் போனது. ரொட்டிக்காரருக்கும் லீவு கிடைத்தது, ஊருக்கும் ரொட்டி கிடைத்தது.

ஆலங்குளம் மாதிரி ஊரில் இதற்குச் சட்டம் கூடத் தேவையில்லை. ஓட்டல்காரர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். இந்தத் தீபாவளிக்கு ஒரு கடை, பொங்கலுக்கு வேறொரு கடை. இந்த ஆண்டு திறந்தவருக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. மற்ற கடை எல்லாம் மூடியிருப்பதால் திறந்தவருக்கு வியாபாரமும் உறுதி. சோறு மிஞ்சுமோ என்ற பயமும் பாதி குறையும்.

திறக்கிற கடைக்கு மூன்றே நிபந்தனை. வழக்கமான விலைதான் வாங்க வேண்டும். வேலைக்கு வருகிறவருக்கு இரட்டைக் கூலியை அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். அவர் விருப்பப்பட்டு வர வேண்டும். "வராவிட்டால் வேலை போச்சு" என்று மிரட்டிக் கூப்பிடக் கூடாது. இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று மூன்று அயிட்டம் போதும். பசியோடு வருகிறவர் முப்பது அயிட்டம் கேட்கப் போவதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைக் கட்டினால் மாஸ்டரும் கடைசிப் பஸ்சுக்கு முன்னால் வீடு போய்ச் சேரலாம்.

மகளிர் குழுவிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தப் பெண்களுக்கு மட்டும் தீபாவளி இல்லையா? விடியற்காலையில் எழுந்து வீட்டுக்குப் பலகாரம் சுட்டு, அப்புறம் ஊருக்கும் சமைப்பதா? இரட்டைக் கூலி என்றால் அவர்களுக்கும் அது பொருந்தும். சேவை என்று பெயர் வைத்துத் தலையில் கட்டக் கூடாது.

பஞ்சாயத்துக்கும் ஒரு வேலை உண்டு. பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் பஸ் நிற்கும் இடத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும். "தீபாவளி அன்று இந்தக் கடை திறந்திருக்கும்" என்று ஒரே வரி. கைக்குழந்தையோடு தெருத் தெருவாக அலையும் தாய்க்கு அந்த ஒரு வரி போதும்.

அந்த வரியை அச்சடிக்க வெளியூர் போக வேண்டியதும் இல்லை. பக்கத்தில் சிவகாசி. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வெளியிடும் ஊர். அரசு லீவுப் பட்டியல் எப்போது வரும் என்று காத்திருந்து, நாடு முழுவதற்கும் சிவப்பு எழுத்தில் லீவு நாளை அச்சடித்துக் கொடுக்கும் ஊர்.

புது வருஷத்துக்கு ஒவ்வொரு கடைக்காரரும் வாடிக்கைக்காரருக்கு ஓசிக் காலண்டர் கொடுக்கத்தான் போகிறார். மேலே சாமி படம், அடியில் கடைப் பெயர், போன் நம்பர். அதோடு சிவப்புத் தேதிக்குப் பக்கத்தில் "இன்று நம் கடை உண்டு" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அந்தக் காலண்டரை ஓட்டல்காரர்கள் இந்த ஆண்டே அடிக்கலாமே!