கடைசி வரிசையில் யார்?

குடும்பத்துக்கு வண்டி வாங்கும் பேச்சு எழுந்தால், எங்கள் காஞ்சிபுரத்து ஆண்கள் மைலேஜையும் விலையையும்தான் அலசுகின்றனர். கடைசி வரிசையில் யார் உட்காருவது என்று எவரும் கேட்பதில்லை.

ஏழு சீட் எர்டிகாவில் பின்னால் போக, நடு சீட்டை மடக்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து நுழைய வேண்டும். மூட்டுவலி மாமியாரால் முடியுமா? நாமும் பிள்ளைகளும்தான் போகணும். ஏழு பேரும் ஏறிவிட்டால் டிக்கியில் இடமேது? சீர்வரிசைத் தட்டும், பட்டுப்புடவைப் பெட்டியும் நம் மடியில்தான்!

1992ல் வந்த டாடா எஸ்டேட்டில் சாமானுக்கு இடம் தாராளம். ஆனால், ஐந்து பேருக்கு மேல் சிரமம். 1984 முதல் 2019 வரை தயாரான மாருதி ஆம்னி வேனில் கதவைப் பக்கவாட்டில் தள்ளினால் போதும். பிள்ளையார்பாளையம் தெருவில் பக்கத்தில் வண்டி நின்றாலும், பாட்டி சுலபமா இறங்கிடுவாங்க. என்ன, மூக்கில்லாத வண்டி. மோதினால் அடி நேரே முன்சீட்டுக்குத்தான்.

பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு, அதே தள்ளு கதவோடு வந்த ஈகோவுக்குத்தான் என் ஓட்டு. ஏர்பேக் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். எர்டிகாதான் என்று கணவர் அடம்பிடித்தால், ஷோரூமிலேயே அவரைக் கடைசி வரிசையில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள், தோழியரே!

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்.