நடுவர் யார் பக்கம்?

"படிக்கிற பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. விடை கூறுவது நம் கடமை. ஓராண்டுக் காலம் ஒரு விளையாட்டுச் சர்வரைக் காத்து நின்றவன் என்ற முறையில், என் விடையை இங்கே வைக்கிறேன்.

ஆட்டம் கவுண்டர்-ஸ்டிரைக் 1.6. 2003-இல் வெளிவந்த பழைய ஆட்டம். பழைய கணினியிலும் ஓடும். ஆடுபவரில் ஒருவரின் கணினியே சர்வராகவும் இருக்கலாம். ஆனால் அவருக்குத் தாமதமே இராது, மற்றவர்க்கெல்லாம் இருக்கும். மாட்டுங்கா மைதானத்தில் மட்டை பிடிப்பவனே நடுவராகவும் நின்றால், அவன் என்றாவது அவுட் ஆவானா? ஆகவேதான் தனிச் சர்வர். அதில் எவரும் ஆடுவதில்லை. யார் சுட்டார், யார் வீழ்ந்தார் என்று தீர்ப்பளிப்பது ஒன்றே அதன் வேலை.

செம்பூரில் என் வீட்டுக் கணினியில் லினக்ஸ் ஏற்றி, 27015 என்னும் போர்ட்டைத் திறந்து வைத்தேன். வெளியிலிருந்து ஒருவராலும் நுழைய முடியவில்லை. இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளித்திருந்தது! பிறகு நண்பர்கள் பணம் சேர்த்து, மும்பையிலேயே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தோம். சிங்கப்பூரில் ஏன் எடுக்கவில்லை? அது ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய் வரவே 39 மில்லிவினாடி ஆகிவிடும். கடலடிக் கம்பி நேர்கோட்டில் போவதில்லையாதலால், உண்மையில் இன்னும் கூடும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். தாமதம் மிகுந்தவர் சுடும்போது, அவர் திரையில் கண்ட நொடிக்குச் சர்வர் பின்னோக்கிச் சென்று கணக்கிடும். அதனால், "சுவருக்குப் பின்னே ஒளிந்த பிறகும் செத்தேன்" என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். நான் யோசிக்கவில்லை. 120 மில்லிவினாடிக்கு மேல் தாமதமுள்ளவரை வெளியேற்றும்படி ஒரு வரி எழுதிவிட்டேன். ஒரே வரி!

அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில் தாராவித் தம்பி ஒருவன் என்னருகே வந்தான்.

"அண்ணே, மூணு நாளா உள்ளே வந்ததும் வெளியே தள்ளுது. குத்தம் என் லைன் மேல. தண்டனை மட்டும் எனக்கா? எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். வெளியேற்றப்பட்ட நால்வரும் கைப்பேசி இணையத்தில் ஆடியவர்கள். வீட்டில் இழை இணைப்பு உள்ளவர் ஒருவர்கூட அதில் இல்லை. நான் ஆட்டத்துக்கு விதி எழுதியதாக எண்ணினேன். உண்மையில் வசதிக்கு வரம்பு கட்டியிருந்தேன். எவர் மீதும் எனக்குப் பகையில்லை. ஆனால் பகையில்லாமலும் அநீதி நடக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

அந்த வரியை நீக்கினோம். பின்னோக்கிக் கணக்கிடும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தோம். தாமதமுள்ளவர் சற்று முன்னே குறிவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஆட்டத்தில் இருந்தார். சுவர் பற்றிய முறையீடு குறைந்தது, அடியோடு ஒழியவில்லை. எல்லாருக்கும் சிறிது இழப்பு, எவருக்கும் வெளியேற்றமில்லை. இதுவல்லவோ நியாயம்!

"இவ்வளவு தொல்லை எதற்கு? நிறுவனத்தின் சர்வரில் ஆடலாமே" என்பர் சிலர். 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய ஆட்டத்தின் சர்வர்களை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. திறவுகோல் பிறர் கையில் இருந்தால், வீடு நம்முடையதாகுமா?

ஆகவே மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் மூன்று. மன்றத்தின் பெயரில் ஒரு சர்வர் வேண்டும். அதன் அமைப்புக் கோப்பை ஆடுவோர் அனைவரும் படிக்கும்படி வைத்து, மாற்றங்களை வாக்கெடுத்தே செய்ய வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் மூவரிடம் இருக்க வேண்டும். பருவந்தோறும் அந்த மூவரும் மாற வேண்டும்.

முதல் மாற்றத்தை நானே தொடங்குகிறேன். என் இடத்துக்கு அந்தத் தாராவித் தம்பியை முன்மொழிகிறேன். வெளியே தள்ளப்பட்டவனுக்கே வாயிற்கதவின் அருமை தெரியும்.